ஃபேன் பெட்டியும் பூட்டியிருந்த வீடும்

தேங்காய்ச் சிரட்டையை மெஷினில் தேய்க்கும்போது வரும் தூள் மரத்தூளைப் போன்றதல்ல. மரத்தூள் கீழே விழும், பெருக்கி அள்ளிவிடலாம். சிரட்டைத் தூள் கோப்பித் தூளைவிட நைசாக, அதே நிறத்தில், காற்றிலேயே நிற்கும். கதவை மூடினாலும் இடுக்கு வழியாகப் போய்ச் சோற்றுப் பானை மூடியில் உட்காரும். என் கணவரின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் தேத்தண்ணியில் முக்கி எடுத்தவை போல ஆன பிறகு, ஒருநாள் காலையில் அவர் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்.

"ஒண்ணு, நீ அந்த மெஷின நிப்பாட்டணும். இல்லாட்டி அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் போடணும். நிப்பாட்டுன்னு நான் சொல்லல."

அவர் மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். துணி விற்கிறவர் அழுக்குச் சட்டையோடு நிற்க முடியாது. நான் முன்பு ஒரு ஹோட்டலில் வேலை செய்தேன். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஹோட்டல் திறக்கவே இல்லை. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் சிரட்டையில் கரண்டியும் கிண்ணமும் செய்யப் பழகினேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் வாசனைத் திரவியத் தோட்டக் கடைகள் இரண்டு மூன்று அவற்றை வாங்கத் தொடங்கியதும், பின்பக்க அறை என் பட்டறையாகிவிட்டது.

நாங்கள் இருப்பது அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில். ஒரே கூரைக்குக் கீழே நடுவில் ஒரு சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடு. எங்கள் பாதி வாடகைக்கு. ஒரு செங்கல்லைக்கூடத் தட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். மற்றப் பாதி பக்கத்து வீட்டு அக்காவின் சொந்த வீடு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. அந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு கொழும்புப் பக்கம் வத்தளையில் மகனோடு போய் இருப்பதாக முடிவெடுத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். சந்தில் இருந்த எல்லாருமாகச் சேர்ந்து அவரைச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். அவர் தன் கேஸ் அடுப்பை எதிர்க் கடைக்காரம்மாவுக்குக் கொடுத்தார். எனக்கு நாலைந்து பாத்திரங்களும் துணி தேய்க்கும் ஸ்திரிக்கைப் பெட்டியும் கிடைத்தன. வேன் கிளம்பும்போது அவரும் அழுதார், நாங்களும் அழுதோம்.

சுவரை உடைக்க முடியாது என்பதால் ஃபேனை ஜன்னலில்தான் வைக்க வேண்டும். அந்த ஜன்னலில் கம்பி இருந்தது. அதனால் கம்பிக்கு உள்பக்கமாக, ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கமாக உட்காரும்படி ஒரு பெட்டி செய்து, அதற்குள் ஃபேனைப் பொருத்தி, வேண்டாத நாளில் கழற்றி எடுத்துவிடலாம் என்று யோசித்தேன். பழைய சாமான் கடையில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் கிடைத்தது. ஏதோ ஒரு பேக்கரியில் ஓடியதாம். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவே ஒரு பகல் போனது.

பெட்டி வேலை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிளைவுட்டில் நாலு பக்கம் வெட்டி, நடுப்பலகையில் ஃபேனுக்கு வட்டமாகத் துளை போட்டேன். அறையைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு தண்டவாளம் போல வைத்து, நெட் துணி கட்டிய சட்டத்தை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்படி செய்தேன். பெரிய தூளை அது பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில், பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி நாக்குகளைப் போலத் தொங்கவிட்டேன். ஃபேன் ஓடினால் அந்த நாக்குகள் தூக்கும், நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும். பல்லியும் மழையும் உள்ளே வராது. சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்தேன்.

குழப்பம் சுவிட்சைப் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் தடவை போட்டபோது காற்று உள்ளே வந்தது. வெளியே ஜன்னல் ஓரத்தில் கிடந்த காய்ந்த இலையும் வருடக்கணக்கான தூசியும் என் முகத்தில் அடித்தன. ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். கழற்றி மறுபக்கமாக மாட்டினேன். இப்போது காற்று வெளியே போக வேண்டும். ஆனால் டியூப் நாக்குகள் லேசாகத் துடித்தனவே தவிர, தூக்கவில்லை. மோட்டார் முனகியது. தூள் அறைக்குள்ளேயே சுற்றியது. வயரை மாற்றிப் பார்த்தேன். பெட்டியை இழுத்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். சாயங்காலம் என் கணவர் வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டே அறைக் கதவைத் திறந்தார். அந்த நிமிஷமே நாக்குகள் படபடவென்று மேலே போயின. அவர் கதவை மூடினார், விழுந்தன. திறந்தார், எழுந்தன. சின்னப் பிள்ளையைப் போல மூன்று நாலு தடவை செய்து பார்த்தார்.

"உள்ள காத்து வந்தாத்தானே வெளிய போகும். நீ எல்லாத்தையும் அடைச்சு வச்சுட்டு எந்தக் காத்தப் போகச் சொல்ற?"

கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய எனக்கு இஷ்டமில்லை. மெஷின் சத்தம் வீடெல்லாம் கேட்கும். கடைசியில் அவரே மேசையில் ஏறி, அறை மூலையில் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினார். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்திலிருந்து காற்று இறங்கட்டும் என்றார். அப்படியே ஆனது. மேலிருந்து காற்று இறங்கி, தூளை அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. முதல் தடவையாக அந்த அறையில் மூக்கில் துணி கட்டாமல் நின்றேன்.

அடுத்த வாரத்தில், பகலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கொத்தமல்லி அவிக்கும் வாசம் வந்தது. கொத்தமல்லியும் இஞ்சியும். தடிமன், சளி என்று பிடித்தால் எங்கள் வீட்டிலும் அதைத்தான் அவித்துக் குடிப்போம். யார் வீட்டிலோ யாருக்கோ தடிமன் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தால் வாசமில்லை. என் குசினியில், அடுப்புப் பக்கத்தில் இல்லை. பின்பக்கத்திலும் இல்லை. திரும்ப உள்ளே போய் ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது.

கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கை நானே முழுசாக நம்புவதில்லை. வெகுநாள் வரைக்கும் வெங்காயம் ரப்பர் எரிவது போல மணத்தது. கோப்பி அழுகிய முட்டை போல இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, ஆனால் எல்லாம் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஃபேனை. பேக்கரியில் ஓடிய ஃபேன்தானே, சூடாகும்போது பழைய வாசம் ஏதாவது கிளம்புகிறதோ என்று, தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, மோட்டார் எரிந்தால் கொத்தமல்லி மணக்காது என்று சிங்களத்தில் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறை என்பதால், கணவர் வீட்டில் இருந்தார். அவரைப் பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். ஃபேனைப் போட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே காத்திருந்தோம். அன்றைக்கு முழுக்க ஒரு வாசமும் வரவில்லை.

"எனக்கு உன் சிரட்டை வாசம்தான் வருது," என்றார்.

"நேத்து பருப்புத் தாளிச்ச வாசம்கூட வந்திச்சுங்க."

"பசியில வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு."

அவர் வேலைக்குப் போன மறுநாளே வாசம் திரும்பி வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. மூக்குக்கு வந்தது மூளைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்தேன். யாரிடமும் சொல்லாமல், ஃபேன் ஓடும்போதும் ஓடாதபோதும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே பதில்தான். ஃபேன் ஓடினால் வாசம் உண்டு, நின்றால் இல்லை.

பிறகு ஒருநாள், ஒரு கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷினும் நின்றது, ஃபேனும் நின்றது. டியூப் நாக்குகள் விழுந்து மூடின. அந்த அமைதியில் என் தலைக்கு மேலே, கழற்றி வைத்த சீலிங் பலகைத் துவாரத்திலிருந்து, ஒரு இருமல் கேட்டது. நீளமான, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். கரண்ட் போனது தெரிந்ததும் அது பாதியில் நின்றது. யாரோ வாயைத் துணியால் பொத்துவது போல இருந்தது.

நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்போதுதான் எனக்குச் சாதாரண விஷயம் ஒன்று உறைத்தது. நடுச்சுவர் சீலிங் வரைக்கும்தான் இருக்கிறது. அதற்கு மேலே கூரை ஒன்றே ஒன்று. நான் ஃபேனைப் போட்டால் அது பக்கத்து வீட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் யாருமில்லையே.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அக்காவின் குசினிக் கதவு என் பட்டறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் போன பிறகு நான் அந்தப் பக்கம் பெருக்கவில்லை. கறிவேப்பிலை மரத்தின் இலைகள், கதவுப் படி, தண்ணீர்க் குழாய், எல்லாவற்றின் மேலும் என் சிரட்டைத் தூள் படிந்து மண்ணிறமாக இருந்தன. கதவின் கைபிடி மட்டும் சுத்தமாக இருந்தது. பூட்டு வெளியே இல்லை.

கள்ளனா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கள்ளன் கொத்தமல்லி அவிப்பானா? கதவைத் தட்டினேன்.

"அக்கா," என்றேன். "அக்கா, நான்தான்."

கதவு திறக்கவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தட்டியது சரியா, தட்டாமல் இருந்திருக்க வேண்டுமா, வத்தளையில் இருக்கிற மகனுக்கு ஃபோன் பண்ண வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை. கணவரிடம் சொன்னால் நேரே போய்க் கதவைத் தட்டி விசாரிப்பார். அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு வேலை செய்யும் மனமில்லை. பட்டறையில் போய் ஃபேனைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். காலை போனது. மத்தியானமும் ஆனது. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. நானும் சாப்பிடவில்லை. இரண்டு மணி தாண்டும்போதுதான் புரிந்தது. வாசம் ஃபேனோடு வந்ததற்குக் காற்று மட்டும் காரணமில்லை. ஃபேன் சத்தம் இருக்கும்போதுதான் அவர் சமைக்கிறார். குழாயைத் திறப்பதும், பாத்திரத்தை வைப்பதும், இருமுவதும்கூட அப்போதுதான். போயாவன்று எங்கள் இரண்டு பேரின் குரலும் கேட்டதால் அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. இப்போது அவர் அந்தச் சுவருக்குப் பின்னால் பட்டினியாக உட்கார்ந்து, நான் சுவிட்சைப் போடுவதற்காகக் காத்திருக்கிறார்.

எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். தேய்க்கும் மெஷினையும் சிரட்டை இல்லாமல் சும்மா ஓடவிட்டேன். அதன் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் போலத் தோன்றிய பிறகு, கடுகு வெடித்த வாசம் இறங்கி வந்தது. அதன் பின்னால் கருவாடு.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அப்படியே போனது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகலில் ஃபேனைப் போட்டேன். தூளை அந்தப் பக்கம் அனுப்பக் கூடாதே என்று, ஃபேன் ஓடும்போது கரண்டிகளுக்கு எண்ணெய் தடவும் வேலையை மட்டும் செய்தேன். தேய்க்கும் வேலை தேங்கியது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒளிந்திருப்பவருக்கு உதவி செய்கிறேனா, அவரை இன்னும் ஒளிய வைக்கிறேனா? அவர் எதற்காக ஒளிகிறார்? எங்களிடமிருந்தா?

ஒரு வெள்ளிக்கிழமை பல்லேபொல பக்கத்துக் கடை ஒன்றுக்குக் கிண்ணங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வர பஸ் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். அக்கா நின்றார். பழைய சீத்தைத் துணிக் கவுனும் தோளில் ஒரு துவாயும். மெலிந்திருந்தார்.

"இன்னைக்கு ஃபேன் போடலியா?" என்று கேட்டார்.

"சாமான் குடுக்கப் போயிட்டேன்க்கா. பல்லேபொலைக்கு," என்றேன்.

"அப்படியா." அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். "ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. அந்தப் பெட்டிய வேற பக்கம் திருப்ப முடியாதா? அது துப்புறதெல்லாம் என் குசினிக்குள்ளதான் வருது. எனக்கு இருமல் விட்டபாடில்ல. கொத்தமல்லி குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு."

அவரை உட்கார வைத்துச் சோறு போட்டேன். நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டேன்.

"எப்பக்கா வந்தீங்க?"

"சித்திரை வருஷத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்."

"மகனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவன்தான் பஸ் ஏத்தி விட்டான். உங்க எல்லாரோடயும் நல்லா இருக்கேன்னு ஃபோன்ல சொல்லிட்டு இருக்கேன்."

"அங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் பாத்தாங்க. மேல் மாடி வீடு. காலைல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. எனக்கு அங்க இருக்க வரல, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் எங்ககிட்ட சொல்லல?"

அவர் கையைத் துவாயில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"சொல்லிட்டுப் போனேனே, தங்கச்சி. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தானே போனேன். சோறு போட்டு அனுப்புனீங்க. நானும் அழுதேன். அடுப்பக் குடுத்துட்டேன். திரும்பி வந்து எந்த மூஞ்சியோட கதவத் திறக்கிறது? ஒரு நாள் உள்ளயே இருந்தேன். அடுத்த நாள் திறக்கலாம்னு நினைச்சேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமா போச்சு."

கடைக்கு எப்படிப் போனார் என்று கேட்டேன். விடியும்போதே பின்வழியாக வயலோரம் இறங்கி, பெரிய ரோட்டில் பஸ் ஏறி, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு, நாங்கள் எல்லாரும் வேலையில் இருக்கும் நேரத்தில் திரும்பி வருவாராம். சமைத்தது ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பில். என் ஃபேன் வந்த பிறகு கொஞ்சம் வசதியாக இருந்தது என்றார். அதற்கு முன்னால் பாத்திரத்தைத் துணிமேல்தான் வைத்தாராம். வசதி என்று அவர் சொன்ன அதே பெட்டிதான் அவருக்கு இருமலையும் கொடுத்திருக்கிறது. இதற்கு நான் மன்னிப்புக் கேட்பதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பட்டறைச் சீலிங் துவாரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப உன் மூக்கு சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். அது மன்னிப்புப் போலத்தான் எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றித் திரும்பச் செய்தோம். வெளிப்பக்கத்து டியூப் நாக்குகளை எடுத்துவிட்டு, தகரத்தில் கீழ்நோக்கி வளைந்த ஒரு மூக்கு மாட்டினோம். அதன் வாயில் தடித்த துணிப்பை ஒன்றைக் கட்டினோம். காற்று துணி வழியாகப் போய்விடும், தூள் பையில் தங்கும். மழை படாமல் மேலே ஒரு தகரத் துண்டும் வைத்தோம். அக்கா வெளியே படியில் நின்று தகரத்தைப் பிடித்துக்கொண்டார். கணவர் ஆணி அடிக்கும்போது, கோணலாக அடிக்கிறீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கோணலாகத்தான் அடித்திருந்தார்.

அக்கா முன்கதவைத் திறக்க இன்னும் ஒரு வாரம் எடுத்தார். என்ன சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று என்னோடு பேசிப் பேசி ஒத்திகை பார்த்தார். கடைசியில் ஒருநாள் காலையில் விளக்குமாற்றோடு வெளியே வந்து வாசலைக் கூட்டத் தொடங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கரியிலிருந்து வந்த பாண்களை அடுக்கிக்கொண்டிருந்த எதிர்க் கடைக்காரம்மா தலையைத் தூக்கி, "வந்துட்டீங்களா? பாண் வேணுமா, எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சந்தில் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா உள்ளே வந்து என்னிடம், "ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலியே," என்றார். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாத்திரங்களையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் நான் திருப்பிக் கொண்டுபோனபோது, இரவல் கொடுத்ததை வாங்குவது போல வாங்கி வைத்தார். கேஸ் அடுப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, கடைக்காரம்மாவும் பேசவில்லை.

போன மாதம் மகன் வந்தார். நல்ல மரியாதையான ஆள். அம்மாவுக்குப் பழமும் மாத்திரையும் ஒரு மின்அடுப்பும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்து தேத்தண்ணி குடித்தார். அம்மா திரும்பி வந்ததைப் பற்றி ஏதாவது கேட்பார், எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் மனதுக்குள் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, துணிச் சட்டத்தை வெளியே இழுத்துத் திரும்பத் தள்ளினார்.

"இது நல்லா இருக்கே. எங்க ஃப்ளாட்டுல கிச்சன் புகை வெளிய போறதே இல்ல. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

"ஜன்னல் அளவு அனுப்புங்க, தம்பி," என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அளவு இன்னும் வரவில்லை. பிளைவுட் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. செய்யத் தொடங்குவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் அவற்றைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன்.